லார்க்ஸ்பர் விதைகளை எப்போது, எப்படி விதைக்க வேண்டும்?

கேள்வி:
கோடையின் தொடக்கத்தில் லார்க்ஸ்பர் விதைகளை நாற்றுத்தட்டில் தூவி, மண் மூடாமல், வெயில் படும் இடத்தில் வைத்து நாள்தோறும் நீர் தெளித்து வந்தேன். ஐந்து வாரம் காத்திருந்தும் நான்கு விதைகளே முளைத்தன. அவற்றைப் பாத்திக்கு மாற்றிய சில நாட்களிலேயே நான்கும் தலை சாய்ந்து வாடிவிட்டன. மீதி விதைகள் பொட்டலத்தில் இருக்கின்றன. அந்த நீலப் பூங்கதிர்களை ஒருமுறையேனும் என் பாத்தியில் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. எங்கே தவறினேன்?

பதில் 1:
பருவம்தான் முதல் தவறு. லார்க்ஸ்பர் குளிரை விரும்பும் ஓராண்டுச் செடி. மண்ணின் வெப்பம் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது நன்றாக முளைக்கும், 20 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். குளிர்காலம் மிதமாக உள்ள இடங்களில் இலையுதிர் காலத்தில் விதைப்பதே சிறந்தது. செடி குளிர்காலம் முழுவதும் தரையோடு படர்ந்த சிறு இலைக்கொத்தாக இருந்து, மண்ணுக்கடியில் வேரை ஆழமாக இறக்கிக்கொண்டு, வசந்தத்தின் பிற்பகுதியில் உயர்ந்து பூக்கும். கடும் உறைபனி உள்ள இடங்களில், மண் வேலை செய்யும் அளவுக்கு இளகியவுடனே விதைத்துவிட வேண்டும்.

விதை முளைக்க இருட்டும் தேவை என்பதால் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாக மண் மூடுங்கள். ஆணிவேர் கொண்ட செடியாகையால் இடம் மாற்றுவதை அது பொறுத்துக்கொள்ளாது. உங்கள் நாற்றுகள் வாடியதற்கு அதுவே காரணமாக இருக்கும். பூக்க வேண்டிய இடத்திலேயே நேராக விதையுங்கள்.

பதில் 2:
குளிர் போதாத இடங்களில் நான் செய்வது இது: ஈரமணலில் விதைகளைக் கலந்து, மூடிய பையில் இரண்டு வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, பிறகு மணலோடு சேர்த்தே வரிசையில் தூவிவிடுவேன். கரிய சிறு விதைகள் கைவிரலில் ஒட்டாமல் சீராக விழ மணல் உதவுகிறது. முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்; அதுவரை பாத்தியைக் கிளறிப் பார்க்காதீர்கள். பழைய விதைகளின் முளைப்புத்திறன் விரைவில் குறையும் என்பதால், மீதியை அடுத்த பருவத்திலேயே பயன்படுத்திவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நெருக்கமாக முளைத்தால் அப்படியே விட்டுவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். செடிக்குச் செடி 20 முதல் 30 சென்டிமீட்டர் இருக்குமாறு கலைத்துவிடுங்கள். நெருக்கம் மிகுந்தால் தண்டு மெலிந்து, காற்றோட்டமின்றி இலையில் சாம்பல் நோய் பற்றும். பிடுங்கிய நாற்றுகளைக் கால்நடைகள் மேயும் இடத்தில் போட்டுவிடாதீர்கள். இச்செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு, விதையும் இளஞ்செடியும் மிகுதியாக. மீதி விதைப் பொட்டலத்தையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.