பிரஸ்ஸைக் கழற்றித் துடைத்த பிறகு தோட்டாவின் வாய் மூடவில்லை

இரட்டைக்குழல்:
12 போர் துப்பாக்கியின் தோட்டாக்களை வீட்டில் நிரப்ப ஒரு சிறிய பிரஸ்ஸை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் பயிற்சிக்கு மட்டும்தான். சென்ற வாரம் அதை முழுவதும் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். அன்றிலிருந்து எட்டு மடிப்பு வாய் சரியாக மூடுவதில்லை. நடுவில் பென்சில் முனை நுழையும் அளவுக்குத் துளை. மடிப்பு உள்ளே அமுங்காமல் மேலே புடைத்து நிற்கிறது. குலுக்கினால் ரவை (உள்ளிருக்கும் சிறு குண்டுகள்) உதிர்கிறது.

வாயை அழுத்தி மூடும் அச்சான கடைசி மடிப்பு டையைக் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று இறக்கினேன். துளை சிறிதானது, ஆனால் மடிப்புக்குக் கீழே தோட்டாவின் பிளாஸ்டிக் கூடு வளையம்போல் பிதுங்கிவிட்டது. ஐந்தில் இரண்டு தோட்டாக்கள் துப்பாக்கியின் அறைக்குள் இறங்கவே இல்லை. கூடு, வாட் (மருந்துக்கும் ரவைக்கும் இடையில் வைக்கும் அடைப்பு), ரவை, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி), வெடிமருந்து எதையும் நான் மாற்றவில்லை. டையை இனி எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

பழைய நெம்புகோல்:
எந்தப் பக்கமும் வேண்டாம், தம்பி. டையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். துடைத்த பிறகு நிரப்பிய தோட்டா ஒன்றைக்கூடச் சுடாதீர்கள். முதலில் மருந்தை எடை போடுங்கள்.

காரணம் சொல்கிறேன். கூட்டின் உயரம் மாறாதது. அதற்குள் மருந்து, அதன்மேல் வாட், அதற்குள் ரவை. மிஞ்சிய இடத்தில்தான் வாய் மடிகிறது. நல்ல மடிப்பு விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே அமுங்கி நிற்கும். உள்ளே சரக்கு குறைந்தால் மடிப்பு கிண்ணம்போல் குழியும். கூடினால் மூட இடமில்லாமல் புடைக்கும். அதை டையால் அழுத்தினால் பிளாஸ்டிக் வேறு வழியின்றிப் பக்கவாட்டில் பிதுங்கும். நீங்கள் சொல்வது அச்சு அசலாக இதுதான். மடிப்பில் தெரிகிற குறை பெரும்பாலும் மடிப்பில் பிறந்ததில்லை.

நீங்கள் எதையும் மாற்றவில்லை என்கிறீர்கள். ஆனால் கழற்றியிருக்கிறீர்கள். மருந்தை அளந்து கொட்டும் சார்ஜ் பாருக்குள் உட்காரும் புஷிங், அதாவது தன் துளையால் மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் வளையம், எத்தனை வைத்திருக்கிறீர்கள்? அதன்மேல் பொறித்திருக்கும் எண் என்ன? அடுத்து, வாட்டை அழுத்தி இறக்கும் குழாயைப் பழைய உயரத்திலேயே பூட்டினீர்களா? அது மேலே நின்றுவிட்டாலும் வாட் முழுவதும் இறங்காது, இதே புடைப்புதான் வரும். ஆனால் உயிருக்கு ஆபத்தானது முதலாவது, புஷிங் மாறி மருந்து கூடியிருப்பது. ஆகவே அதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரே ஒரு முறை கொட்டி எடை பார்த்தால் போதாது. பிரஸ்ஸை ஓட்டும் அதே வேகத்தில், கைப்பிடியை முழுவதும் இழுத்து, பத்து முறை கொட்டித் தனித்தனியாக எடை எழுதுங்கள். கைப்பிடியை ஓங்கி அடித்தால் அந்த அதிர்ச்சியில் மருந்து இறுகிப் புஷிங்குக்குள் அதிகமாக அடைபடும். மெதுவாக இழுத்தால் குறையும். உங்கள் வழக்கமான வேகத்தின் எடையே உங்களுக்கு வேண்டிய எடை.

ஈயத்தூசி:
பெரியவர் சொன்னதோடு பராமரிப்பு பற்றி இரண்டு வார்த்தை. துடைக்கும்போது சார்ஜ் பாரிலோ பிரைமர் உட்காரும் இடத்திலோ எண்ணெய் போட்டீர்களா? போட்டிருந்தால் முழுவதும் வழித்தெடுங்கள். எண்ணெய் பட்டால் பிரைமர் கெடும், மருந்து கட்டிபிடிக்கும். சார்ஜ் பாருக்கு உலர்ந்த கிராபைட் போதும். கிரீஸ் நடுத்தூணுக்கும் நெம்புகோலின் மூட்டுகளுக்கும் மட்டும். பழைய பிரைமரைத் தள்ளும் ஊசியைச் சுற்றிப் படியும் கருந்தூளில் ஈயம் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், ஊதாதீர்கள். பார் ஓடும் தடத்தில் ஒரே ஒரு ரவை சிக்கினாலும் பார் கடைசிவரை போகாது, அளவு தவறும். நான் ஒவ்வொரு இருபத்தைந்து தோட்டாக்களுக்கும் ஒரு முறை அங்கே டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

இரட்டைக்குழல்:
எடை போட்டேன். ரவை சரி: 28 கிராமும் சில புள்ளிகளும், எப்போதும் இருப்பதுதான். மருந்து பத்து முறையும் என் அளவைவிட ஏறக்குறைய 0.2 கிராம் கூடுதல்.

புஷிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். எண் என்னுடையது இல்லை. வேறொரு மருந்துக்காக முன்பு வாங்கியது அது. இரண்டையும் ஒரே தட்டில் ஊறவைத்துத் துடைத்தது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் துளையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த இம்மி வித்தியாசம்தான் கூட்டுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏறி நின்றிருக்கிறது. கை நடுங்கிவிட்டது ஐயா.

நிரப்பிய நாற்பத்தொன்றையும் தனிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். சரியான புஷிங்கை வைத்து, டையைப் பழைய குறிக்குத் திருப்பி ஒன்று நிரப்பினேன். வாய் சுத்தமாக மூடியது. பெட்டியில் இருப்பவற்றை என்ன செய்வது?

பழைய நெம்புகோல்:
ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். மேசையில் வேறு மருந்துப் புட்டி எதுவும் இருக்கக் கூடாது, அருகில் நெருப்பும் கூடாது. மடிப்பை மெல்ல நெம்பித் திறந்து ரவையைக் கொட்டுங்கள், வாட்டை எடுங்கள், மருந்தைக் கொட்டுங்கள். பிரைமர் கூட்டிலேயே இருக்கட்டும், அதைத் தட்டி வெளியேற்ற முயல வேண்டாம். மருந்து எந்தப் புட்டியிலிருந்து வந்தது என்பதில் உங்களுக்கு இம்மியும் ஐயமில்லை என்றால்தான் அதற்குள்ளேயே திரும்பப் போடலாம். பிதுங்கிய கூடுகளை எறிந்துவிடுங்கள்.

அந்த இரண்டாவது புஷிங்கை இன்றே அதன் மருந்துப் புட்டியோடு நூலால் கட்டி வையுங்கள்.