ஸ்பிளிட் நகருக்குப் பாய்ப்படகில் போனவர்கள் இருக்கிறீர்களா? எங்கள் அனுபவம் இது, உங்களுடையதையும் எழுதுங்கள்

மியூனிக்வாசி:

போன ஜூன் மாதம் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து குரோஷியாவில் ஒரு வாரத்துக்குப் பாய்ப்படகு வாடகைக்கு எடுத்தோம். ஸ்பிளிட் எனக்குப் புதிய ஊர் இல்லை. நாலு வருடம் முன்பு பேருந்தில் போய் இரண்டு நாள் தங்கி, அரண்மனைக்குள் சுற்றி, படம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பார்த்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். இந்த முறை கடலில் இருந்து வந்தபோதுதான் போன தடவை அந்த வீட்டின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று புரிந்தது. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனுடைய அரண்மனையின் பெரிய வாசல் வடக்கே சலோனா என்ற பழைய ரோமானிய நகரைப் பார்த்து இருக்கிறது, சரி, ஆனால் அவர் குடியிருந்த பகுதி முழுக்கத் தெற்கே கடலைப் பார்த்துத்தான் கட்டப்பட்டது.

முதலில் படகு விஷயம். ஸ்பிளிட் என்று சொல்லித்தான் வாடகைக்கு விடுகிறார்கள், ஆனால் பல படகுகள் நிற்பது ஊருக்குள் இல்லை, விமான நிலையத்துக்குப் பக்கமாக காஷ்டெலா விரிகுடாவில். சனிக்கிழமை மாலை ஏறினால் அடுத்த வெள்ளி மாலைக்குள் திரும்பி வந்து, சனி காலை ஒன்பது மணிக்குச் சாமானை இறக்கிவிட வேண்டும். எங்களுடையது 38 அடிப் படகு, மூன்று அறை, வாரத்துக்கு 2,400 யூரோ. டீசல், துறைமுகக் கட்டணம், சாப்பாடு எல்லாம் தனி. நாமே ஓட்டுவதாக இருந்தால் குரோஷியாவில் படகு உரிமம் மட்டும் போதாது, படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற விஎச்எஃப் வானொலிக்கான சான்றிதழும் கேட்பார்கள். என்னிடம் இரண்டும் இருந்தன, இருந்தாலும் படகோட்ட ஸ்கிப்பர் ஒருவரை வைத்துக்கொண்டோம். அறுபது வயதைத் தாண்டியவர், ஸ்பிளிட்காரர், நாள் கூலி 200 யூரோ, சாப்பாடு நம்முடையது. எங்கள் ரசத்தை மூன்றாம் நாளில் இருந்து டம்ளரில் வாங்கிக் குடித்தார்.

நாங்கள் போட்டிருந்த திட்டம் எல்லோரும் போடுவதுதான், ஹ்வார், வீஸ் தீவுகள், நீலக் குகை, கடைசியில் ஸ்பிளிட். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஸ்பிளிட்டைப் பார்க்கத்தான் வந்தீர்கள் என்றால் முதலில் ப்ராச் தீவில் ஸ்பிளிட்ஸ்கா என்ற ஊருக்குப் போவோம், அரண்மனையின் கல் அங்கிருந்துதான் கிளம்பியது, கல் போன வழியிலேயே நாமும் போவோம் என்றார். யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

ஸ்பிளிட்ஸ்கா சின்ன மீனவர் ஊர், வடக்கே திறந்த ஒரு குடா, அவ்வளவுதான். ரோமானியர் காலத்தில் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைக் கப்பலில் ஏற்றிய துறை அது. ஊரில் இருந்து ஸ்க்ரிப் கிராமத்துப் பக்கம் ஏறினால் ரசோஹே என்ற பழைய கல்சுரங்கம் வரும். அங்கே பாறையில் ஹெர்குலிஸ் உருவம் ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், கையில் தடி, சிங்கத்தோல். முகம் மழையில் கரைந்து போயிருக்கிறது. கல் உடைக்கிறவர்கள் தங்களுக்குக் காவலாக வைத்துக்கொண்ட சாமி. நம் ஊரில் வேலை செய்கிற இடத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி வைப்போமே, அந்த நினைப்புதான் எனக்கு வந்தது. சுற்றிலும் புதரும் சில்வண்டுச் சத்தமும், வேறு யாருமே இல்லை. அந்த இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் மதியத்துக்கு மேல் மாயிஸ்ட்ரல் காற்று எடுத்தது. வெயில் காலத்தில் வடமேற்கில் இருந்து பிற்பகலில் வந்து, பொழுது சாய அடங்குகிற காற்று. பாயை விரித்து ஸ்பிளிட்டை நோக்கிப் போனோம். தூரத்தில் முதலில் தெரிவது மர்யான் குன்று, அப்புறம் தேவாலயத்தின் மணிக்கூண்டு, அதற்கும் அப்புறம் கரையோரம் நீளமாக ஒரு பழுப்பு வெள்ளைக் கோடு. கிட்டே போகப் போக அந்தக் கோடு சுவராகிறது, சுவருக்குள் வளைவுகள், வளைவுகளுக்குள் ஜன்னல்கள், ஜன்னல்களில் காயப்போட்ட துணி. துறைமுகத்துக்கு வெளியே ஸ்கிப்பர் இன்ஜினை நியூட்ரலில் போட்டார். முன்னால் இருக்கிற பனைமரங்களையும் காபிக் கடைகளையும் மனதில் அழித்துவிட்டுப் பாருங்கள், அந்த நடைபாதை எல்லாம் பின்னால் மண் போட்டுத் தூர்த்தது, அந்தக் காலத்தில் தண்ணீர் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது என்றார். கி.பி. 305-ல் பதவியைத் தானாகவே விட்டுவிட்டு ஓய்வுக்கு வந்த பேரரசருடைய வீட்டுக்குப் படகில் வந்து இறங்க அந்தச் சுவரின் நடுவில் ஒரு சின்னக் கதவு. வெண்கல வாசல் என்று பெயர். பேருந்தில் போனபோது அந்தக் கதவைக் காபிக் கடைகளுக்கு நடுவில் ஒரு சந்து என்று நினைத்துக் கடந்திருக்கிறேன்.

படகை மேற்குப் பக்க மரினாவில், அதாவது படகுகள் நிறுத்தும் துறையில், கட்டினோம் (விஎச்எஃப் 17-ஆம் அலைவரிசையில் கூப்பிட்டால் இடம் சொல்வார்கள், ஒரு இரவுக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆயிற்று, கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை). கரையோரமாகவே நடந்து போய் வெண்கல வாசல் வழியாக நுழைந்தோம். உள்ளே நிலவறை. வெளியே அடித்த வெயிலுக்கு அந்தக் குளிர்ச்சி முகத்தில் வந்து அறைகிறது. மேலே குடியிருந்தவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தளத்தில் ஓட்டை போட்டுக் குப்பையையும் கழிவையும் கீழே கொட்டியிருக்கிறார்கள். அது நிறைந்து இறுகிப்போனதால்தான் நிலவறை சிதையாமல் தப்பியது, போன நூற்றாண்டின் நடுவில்தான் ஒவ்வொரு கூடமாகத் தோண்டி எடுத்தார்கள். மேலே பேரரசர் வாழ்ந்த அறைகள் பெரும்பாலும் போய்விட்டன, ஆனால் கீழே அதே அளவில் அதே அமைப்பில் கூடங்கள் நிற்பதால் மேலே என்ன இருந்தது என்று கீழே நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

அங்கிருந்து படி ஏறினால் நேரே பெரிஸ்டைல் முற்றம். இருட்டில் இருந்து திடீரென்று வெளிச்சம், இரண்டு பக்கமும் தூண்கள், வலது பக்கம் எகிப்தில் இருந்து கொண்டுவந்த கறுப்புக் கல் ஸ்ஃபிங்ஸ், சிங்க உடலும் மனித முகமும் கொண்ட சிலை. அதற்கு வயது அரண்மனையைவிட ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் மேல் அதிகம். பக்கத்தில் உள்ள எண்கோணக் கட்டடம் டயோக்ளீஷியன் தனக்காகக் கட்டிய கல்லறை மண்டபம். கிறிஸ்தவர்களை அவர் வேட்டையாடிய காலத்தில், 304-ல் சலோனாவில் கொல்லப்பட்ட ஆயர் தோம்னியுஸ். ஏழாம் நூற்றாண்டில் சலோனா அழிந்து, அங்கிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் இந்தச் சுவர்களுக்குள் குடியேறியபோது, அந்தக் கல்லறை மண்டபமே அந்த ஆயரின் பெயரில் தேவாலயமாகிவிட்டது. பேரரசரின் உடல் இருந்த பேழை இன்று இல்லை. அகதிகளாக வந்து அரண்மனையை ஊராக்கிக்கொண்டவர்களின் கதை என்பதால் எனக்கு அந்தச் சுவர்கள் மேல் தனி மரியாதை.

போனவர்கள் எழுதுங்கள். குறிப்பாகக் காற்று, நங்கூரம் விஷயத்தில் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று.

வடமராட்சியான்:

வணக்கம் அண்ணா. சுவிஸில் இருந்து நாங்கள் நான்கு பேர் செப்டம்பர் கடைசியில் போனோம். காற்றைப் பற்றிக் கேட்டீர்கள், அதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது.

எங்கள் ஊரில் வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்று காற்றின் பெயரைச் சொன்னாலே கடலுக்குப் போவதா வேண்டாமா என்று தெரிந்துவிடும். அப்பா முற்றத்தில் நின்று மேகத்தைப் பார்த்தே சொல்லுவார். ஸ்பிளிட் பக்கத்திலும் அப்படித்தான், மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டு போங்கள். மாயிஸ்ட்ரல் நல்ல காற்று. யூகோ தென்கிழக்கில் இருந்து வருவது, ஈரமும் மழையும் உயரமான அலையும் கொண்டது, ஆனால் ஒன்றிரண்டு நாள் எடுத்து மெல்ல மெல்லக் கூடும், அதனால் தயாராக நேரம் கிடைக்கும். மூன்றாவதான பூரா என்கிற காற்று அப்படி இல்லை. வடகிழக்கில் மலைக்கு அந்தப் பக்கம் தேங்கி நிற்கிற குளிர்காற்று மலைமுகட்டைத் தாண்டிக் கடலில் விழுவது அது. வானம் துடைத்துவிட்டது போல் தெளிவாக இருக்கும்போதே வரும்.

நாங்கள் ஷோல்டா தீவில் ஒரு குடாவில் நங்கூரம் போட்டுத் தூங்கினோம். மாலையில் கரைப் பக்கம் கோஸ்யாக் மலை உச்சியில் பஞ்சுப்பொதி போல மேகம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், அழகாக இருக்கிறது என்று படம் எடுத்தேன். அதுதான் அடையாளம் என்று பின்னால் தெரிந்தது. இரவு இரண்டு மணிக்கு காற்றின் முதல் அடி விழுந்தது. காற்று ஒரே சீராக வராது, ஒரு நிமிடம் அமைதி, அடுத்த நிமிடம் படகையே சாய்க்கிற மாதிரி ஒரு தள்ளு. நங்கூரம் பிடிக்கவில்லை, நாங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தோம். காரணம் காலையில்தான் புரிந்தது. நாங்கள் போட்டது மணலில் இல்லை, கடற்புல் மேல். பொசிடோனியா என்கிற அந்தப் புல்லில் நங்கூரம் வழுக்கிக்கொண்டு வரும், பிடுங்கினால் புல்லும் பாழ், அது திரும்ப வளர ஆண்டுக்கணக்காகும். மேலே இருந்து பார்க்கும்போது கறுப்பாகத் தெரிவது புல், வெளிறித் தெரிவது மணல். வெளிறிய இடத்தில் போட்டு, ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுங்கள்.

அன்று இரவு இன்ஜினைப் போட்டு முன்னால் ஓட்டிக்கொண்டே விடியும்வரை நின்றோம். மச்சான் சுக்கானில், நான் முன்னால் டார்ச்சோடு. பிள்ளைகள் இல்லாமல் போனது நல்லதாயிற்று என்று நினைத்தேன். விஎச்எஃப் 67-ல் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டே இருக்கும், ஆங்கிலத்திலும் சொல்வார்கள். மாலையில் ஒருதரம் கேட்டிருந்தால் பக்கத்தில் மில்னா துறைக்குப் போய்க் கட்டியிருப்போம்.

மாலைவெயில்:

நான் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கட்டமரானில் போனேன். (பெயர் நம் கட்டுமரத்தில் இருந்து போனது, படகு வேறு. இது இரட்டை அடிப்பாகம், அதனால் அதிகம் சாயாது, வயதானவர்களுக்கு அதுதான் சரி.) அம்மாவுக்கு 68 வயது. கஷ்டம் கடலில் இல்லை, படகில் இருந்து கரைக்குப் போடுகிற பலகையில்தான். பின்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்துக் கட்டுவார்கள், நடுவில் ஒரு பலகை, கைப்பிடி கிடையாது, அடியில் தண்ணீர். முதல் நாள் அழுதுவிட்டார்கள். கைப்பிடிக் கயிறு உள்ள பலகை வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

ஆனால் அதே அம்மா ஸ்பிளிட்டில் அரண்மனையின் வெள்ளி வாசலுக்கு வெளியே இருக்கிற காய்கறிச் சந்தையில் மொழியே தெரியாமல் ஒரு பாட்டியோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிளிட்வா என்று ஒரு கீரை, அவர்கள் உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டுச் சமைப்பார்கள். அந்தப் பாட்டி தண்டை ஒடித்துக் காட்ட, அம்மா நுனியைக் கிள்ளிப் பார்க்க, கடைசியில் இரண்டு கட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு மூன்றாகக் கொடுத்தார். அன்று இரவு படகு அடுப்பில் பருப்பு போட்டுக் கூட்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்படவே வேண்டாம், உளுந்தும் புளியும் மட்டும் எடுத்துப் போங்கள். மீன் சந்தைக்கும் போனோம், பக்கத்தில் கந்தக ஊற்று இருப்பதால் ஈ வராது என்கிறார்கள், உண்மையாகவே ஈ இல்லை.

ஒரு வருத்தம் உண்டு, மற்றவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். பிணைத்தொகையாக 2,500 யூரோவை அட்டையில் பிடித்து வைத்தார்கள். திரும்பும்போது சுக்கானில் கீறல் என்று 400 யூரோ கழித்துவிட்டார்கள். அது முன்பே இருந்ததா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஏறும் நாளில் அவசரப்படுத்துவார்கள், படாதீர்கள். தண்ணீருக்குள் கேமராவை விட்டு அடிப்பாகம் முழுவதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நங்கூரம்:

ஒரு கேள்வி. உரிமம் எனக்கும் இருக்கிறது. ஸ்கிப்பருக்கு வாரத்துக்கு 1,400 யூரோ கொடுப்பது தேவையா? நாள் படகில் போய் ஊரை வெளியில் இருந்து பார்த்துவிட்டு வந்தால் போதாதா?

மியூனிக்வாசி:

வடமராட்சியான் எழுதிய இரவைப் படித்தபின் பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும். பழக்கம் இல்லாத கடல் என்றால் முதல் தடவை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் படகு மோசம் இல்லை, ஆனால் அது பகலில் போய்ப் பகலில் திரும்பும். ஸ்பிளிட்டில் ராத்திரி தங்க வேண்டும். அன்று இரவு அரண்மனையின் வட்ட முகப்பு மண்டபத்தில், கூரை திறந்த அந்த வட்டத்துக்குக் கீழே, எட்டுப் பேர் கிளாப்பா என்கிற அந்த ஊர்க் கூட்டுப்பாட்டை வாத்தியமே இல்லாமல் பாடினார்கள். கல் அந்தக் குரலைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக் கொடுக்கிறது.

ஸ்கிப்பர் பற்றி இன்னும் ஒன்று. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது அவர் சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டு, தெற்குச் சுவரில் இடமிருந்து நாலாவது வளைவைக் காட்டினார். பச்சைப் பலகை அடித்த ஜன்னல். அவருடைய பாட்டி இருந்த வீடாம், சின்ன வயதில் அங்கே நின்றுதான் அப்பாவின் மீன்படகு வருகிறதா என்று பார்ப்பாராம். இப்போது அந்த வீடு கைமாறிச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்குப் போகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்து யாரோ பலகையைத் திறந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி ஒருமுறை ஆட்டிவிட்டு, பாயை ஏற்றப் போனார்.