பள்ளிப் படிவத்தில் 'மதம்' கட்டத்தைக் காலியாக விடலாமா?

சேலத்துக்காரன்:
எனக்கும் மனைவிக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது, கல்யாணமே ஐயர் இல்லாமல் மாலை மாற்றித்தான் நடந்தது. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனால் மதம், சாதி இரண்டையும் கேட்கிறார்கள். கோடு போட்டுக் கொடுத்தேன். "ஏதாவது ஒண்ணு போடுங்க சார், இல்லாட்டி கம்ப்யூட்டர் எடுக்காது" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். என் மாமனார் வேறு, "இந்துன்னு போட்டுட்டு வாங்க மாப்ள, சாமி கும்பிடச் சொல்லி யார் அடிக்கப் போறாங்க" என்கிறார். மதமே வேண்டாம் என்பவனுக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

கருஞ்சட்டை:
உண்டு தோழர். பெற்றோர் விரும்பினால் பள்ளிச் சான்றிதழில் சாதி, மதத்தைக் குறிப்பிடாமல் விடலாம் என்று 1973லேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டுவிட்டது, 2000இல் மறுபடி நினைவூட்டியது. அதன் நகலோடு தலைமையாசிரியரைப் பாருங்கள், கிளார்க்கிடம் மல்லுக்கட்டாதீர்கள், அவர் என்ன செய்வார். கம்ப்யூட்டர் எடுக்கவில்லை என்றால் அதை எழுத்தில் கேளுங்கள், உடனே எடுக்கும் :) அரசமைப்பின் 25ஆவது பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தைச் சொல்லிவிட்டுத்தான் மதத்துக்கே வருகிறது. அரசுப் படிவத்தில் மதத்தைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

வக்கீல் குமாஸ்தா:
படிவத்தில் தப்பித்துவிடலாம், சட்டத்தில் தப்பிக்க முடியாது. உங்கள் மாலை மாற்றிய கல்யாணம் இந்து திருமணச் சட்டம் 7ஏ பிரிவில்தான் செல்லுபடியாகிறது, அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்தை அங்கேதான் சேர்த்தார்கள், அதுவும் 'இரு இந்துக்களுக்கு' இடையே என்று. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத ஏறக்குறைய எல்லாரும், கோயில் வாசலை மிதிக்காதவர் உட்பட, அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். சரி, 30 நாள் நோட்டீஸ் ஒட்டிக் காத்திருந்து சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்திருந்தாலும், இருவரும் இந்து என்றால் 1976 திருத்தத்தின்படி சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில்தான் பிரியும். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நம்பிக்கையை விட்டவர்கள் பாடு இதைவிடச் சிக்கல். கேரளப் பெண் ஒருவர் தனக்கு ஷரியத் வேண்டாம், பொதுவான வாரிசுரிமைச் சட்டமே வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறார்.

வடாற்காட்டான்:
எல்லாரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். நான் பட்டியல் சாதி, சாமியும் இல்லை பூதமும் இல்லை. ஆனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியம், பௌத்தம் தவிர வேறு மதத்தில் இருப்பவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. மதமே இல்லாதவனை அதிகாரி எதில் சேர்ப்பார்? அந்தச் சந்தேகத்துக்கு என் பையன் சீட்டைப் பணயம் வைக்க முடியுமா? எரிச்சலோடுதான் 'இந்து' என்று எழுதினேன், மூன்று எழுத்து. கட்டத்தைக் காலியாக விட்டு மார் தட்டுவதற்கும் கொஞ்சம் வசதி வேண்டும் அண்ணே.

சேலத்துக்காரன்:
குத்துகிறது, ஆனால் நியாயம். நாங்கள் பிசி. இங்கே காலியாக விட்டுவிட்டு சாதிச் சான்றிதழைத் தனியாக வாங்கிக்கொள்ளலாமா?

கருஞ்சட்டை:
வாங்கலாம், அது வேறு ஆவணம், பெற்றோரின் சான்றிதழை வைத்துத் தாசில்தார் அலுவலகத்தில் தருவது. 'சாதி, மதம் அற்றவர்' என்று தனியாகச் சான்றிதழ் கேட்பதோடு மட்டும் இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு இடஒதுக்கீடு கேட்க முடியாது. அது வேண்டுமா என்று 18 வயதில் உங்கள் மகளே சொல்லட்டும்.