சூடானதும் ஐடிலில் நடுங்கும் 1.2 பெட்ரோல் கார், பி0303 கோடு: எங்கிருந்து ஆரம்பிப்பது?

மலைப்பாதை:
1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், 82,000 கி.மீ. ஓடியது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனி காயில் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தருவது). காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு குறையும் இல்லை. சூடேறி சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் வரைக்கும் நடுக்கம். சைலன்சரில் விட்டுவிட்டு 'புப்... புப்' சத்தம். 2,000 ஆர்பிஎம் தாண்டினால் சரியாகிவிடுகிறது. செக் இன்ஜின் லைட் நிலையாக எரிகிறது, மின்னவில்லை. ஸ்கேனரில் பி0303. நான்கு காயிலையும் மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். கையில் மல்டிமீட்டர், புளூடூத் ஸ்கேனர், சாக்கெட் செட் இருக்கின்றன. வீட்டிலேயே எந்த வரிசையில் பார்க்கலாம்?

பழைய ஸ்பானர்:
இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இது மிஸ்ஃபயர் கோடு, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் 'மிஸ்' அடிக்கிறது. கடைசி எண்தான் சிலிண்டர் நம்பர், உங்களுக்கு 3. பி0300 வந்திருந்தால் பெட்ரோல் பிரஷர், காற்றுக் கசிவு என்று எல்லா சிலிண்டருக்கும் பொதுவான காரணங்களைத் தேட வேண்டியிருக்கும். உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. பெரும்பாலான இன்ஜின்களில் டைமிங் செயின் பக்கம் இருப்பது 1வது. சிலவற்றில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். மேனுவலில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேம் தகவலை (கோடு பதிவான நேரத்தின் அளவுகள்) ஸ்கேனரில் பார்த்துக் குறித்து வையுங்கள்: கூலன்ட் வெப்பம், ஆர்பிஎம், லோடு. அழித்தால் அதுவும் போய்விடும்.

அடுத்து ஒரே ஓட்டத்தில் இரண்டு சோதனை. 3வது காயிலை 1வது இடத்துக்கும், 1வதை 3க்கும் மாற்றுங்கள். 3வது பிளக்கை 2வது சிலிண்டருக்கும், 2வதை 3க்கும் மாற்றுங்கள். கோடை அழித்து, நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி, ஐடிலில் விடுங்கள். பி0301 வந்தால் காயில் கெட்டது. பி0302 வந்தால் பிளக். பி0303 அப்படியே நின்றால் இரண்டும் இல்லை. லைட் எரியும்வரை காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் கோளாறு தெரிந்தால்தான் அது எரியும். 'பெண்டிங்' கோடுகளில் முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.

பிளக்கைக் கழற்றுவது ஆறிய இன்ஜினில். சிலிண்டர் ஹெட் (இன்ஜினின் மேல் பாகம்) அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போய்விடும். கழற்றும் முன் குழியில் இருக்கும் மண்ணை ஊதி எடுங்கள். திரும்பப் போடும்போது முதல் சில சுற்று கையால் மட்டும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், 14 மி.மீ. மரையும் வாஷரும் உள்ள புது பிளக்குக்குக் கையால் இறுகிய பிறகு அரைச் சுற்று. ஏற்கெனவே நசுங்கிய வாஷர் என்றால் ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். நிறையப் பேர் பழைய பிளக்கையும் அரைச் சுற்று இறுக்கி மரையைக் கெடுக்கிறார்கள்.

மின்பொறி:
மேலே சொன்ன வரிசை சரி. பிளக்கைக் கழற்றும்போது நுனியை மட்டும் பார்க்காமல் வெள்ளைப் பீங்கானையும் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சில் கோடு போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் கரன்ட் வெளிப்பக்கமாகத் தாவியிருக்கிறது. அந்தக் கோடு காயிலின் ரப்பர் பூட்டுக்குள்ளும் பதிந்திருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய பூட் புதுப் பிளக்கையும் கெடுக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பீங்கானின் அடியில், இரும்போடு சேரும் இடத்தில் பழுப்பு வளையம் இருந்தால் கவலை வேண்டாம், அது இயல்பு.

நுனி: வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோல் நனைந்திருந்தால் ஸ்பார்க் வரவில்லை. ஆயில் பிசுக்கு என்றால் வால்வு சீல் அல்லது ரிங். மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று சந்தேகப்படுங்கள். அந்தக் கோளாறு ஆறிய ஸ்டார்ட்டில் சில நொடி மிஸ் அடித்துப் பிறகு சரியாகும். உங்களுடையது அதற்கு நேர் எதிர்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் காயில் கனெக்டரைப் பிடுங்கும் பழக்கம் வேண்டாம். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) போய் எரியும். அதற்குப் பதில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுங்கள். நல்ல சிலிண்டர் என்றால் ஆர்பிஎம் விழும்; கெட்டதில் மாற்றம் தெரியாது.

மலைப்பாதை:
மாற்றிப் பார்த்தேன். கோடு பி0303 ஆகவே நிற்கிறது. நான்கு பிளக்கும் வெளிர் பழுப்பு, இடைவெளி எல்லாவற்றிலும் 1.0 மி.மீ., பீங்கானில் கோடு எதுவும் இல்லை. சூடான ஐடிலில் 1, 2, 4 இன்ஜெக்டர் கனெக்டரை எடுத்தால் ஆர்பிஎம் விழுகிறது, 3இல் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. அடுத்து இன்ஜெக்டரா?

டேப்பெட்:
இன்ஜெக்டரைத் தொடும் முன் ஒரு கேள்வி: எல்பிஜி கிட் போட்ட காரா?

மலைப்பாதை:
ஆமாம், சுமார் 40,000 கி.மீ. கேஸில் ஓடியிருக்கிறது. பெட்ரோலுக்கு மாற்றினாலும் நடுக்கம் அப்படியேதான்.

டேப்பெட்:
அப்படியானால் கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் தனித்தனி இன்ஜெக்டர். இரண்டிலும் ஒரே சிலிண்டர் படுத்தால் இன்ஜெக்டர் மேல் சந்தேகம் குறைகிறது. பெட்ரோல் இன்ஜெக்டரின் இரண்டு முனைக்கும் மல்டிமீட்டர் வைத்து மற்ற மூன்றோடு ஒப்பிட்டுவிடுங்கள்; பெரும்பாலான கார்களில் 11 முதல் 16 ஓம்ஸ் வரும்.

கம்ப்ரஷன் சோதனை இப்படி. கேஸ் வால்வை மூடி, பெட்ரோலில் ஓட்டிச் சூடேற்றுங்கள். உங்கள் கோளாறு சூட்டில்தான் வருகிறது, ஆறிய இன்ஜின் பொய் சொல்லும். நிறுத்தி, ஹெட் மேல் கை வைக்கப் பொறுக்கும் அளவுக்கு வந்ததும் நான்கு பிளக்கையும் எடுங்கள். எல்லா காயில் கனெக்டரும் இன்ஜெக்டர் கனெக்டரும் கழற்றியிருக்க வேண்டும். திறந்த பிளக் குழிகளுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஆவியும் ஸ்பார்க்கும் சேர்ந்தால் தீ. கியர் நியூட்ரல், பேட்டரி முழு சார்ஜ். உள்ளே ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். பிளக் குழியில் பொருத்திய கம்ப்ரஷன் கேஜின் முள் 5, 6 தடவை எகிறினால் போதும். நான்கு சிலிண்டருக்கும் அதே எண்ணிக்கை. ஒன்று குறைவாக வந்தால் அதில் மட்டும் 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள்.

மலைப்பாதை:
முறையே 12.6, 12.4, 9.1, 12.5 பார். 3இல் ஆயில் விட்ட பிறகு 9.4. இன்ஜெக்டர் நான்கும் 12 ஓம்ஸ் சுற்றி.

டேப்பெட்:
தெளிவாகிவிட்டது. 3வதில் கால் பங்குக்கு மேல் குறைவு. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து முள் நன்றாக ஏறியிருக்கும், 0.3 பார் ஒரு ஏற்றமே இல்லை. ஹெட் கேஸ்கெட் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் போயிருந்தால் பக்கத்து எண்ணும் சேர்ந்து விழுந்திருக்கும். மிச்சம் வால்வு, அதிலும் பெரும்பாலும் எக்சாஸ்ட் வால்வு.

காரணம் இது: கேஸில் ஓடும்போது வால்வு உட்காரும் சீட் சீக்கிரம் தேய்கிறது. வால்வு ஹெட்டுக்குள் மெல்ல இறங்க, அதன் தண்டு மேலே ஏறி டேப்பெட் இடைவெளியை (வால்வு முழுதாக மூட அதன் தண்டுக்கு மேலே விடும் சிறு இடைவெளி) தின்கிறது. சூட்டில் தண்டு இன்னும் நீள்கிறது. இடைவெளி தீர்ந்ததும் வால்வு முழுதாக மூடாது. ஐடிலில் மெதுவாகச் சுற்றும்போது காற்று கசிய நேரம் இருக்கிறது, ஆர்பிஎம் ஏறினால் அந்த நேரம் இல்லை. உங்கள் அறிகுறிகள் எல்லாம் இதோடு பொருந்துகின்றன. இடைவெளி அதிகமானால் டேப்பெட் தட்டும், காதில் விழும். குறைந்தால் இன்ஜின் அமைதியாகவே இருக்கும்; அதனால்தான் கேஸ் கார்களில் சத்தத்தை நம்பாமல் குறித்த கி.மீ.யில் அளக்கச் சொல்கிறோம்.

ஹெட்டைக் கழற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், முதலில் இடைவெளியை அளங்கள். ஹைட்ராலிக் டேப்பெட் (இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை) இல்லை என்பதை மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ராக்கர் கவரைத் திறந்து, பிளக்குகள் வெளியே இருக்கும்போதே கிராங்க் போல்ட்டில் ரெஞ்ச் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே திருப்புங்கள். 3வது சிலிண்டரின் கேம் மூக்குகள் டேப்பெட்டிலிருந்து விலகி நிற்கும் நிலையில் ஃபீலர் கேஜை (தடிமன் பொறித்த மெல்லிய தகடுகள்) நுழையுங்கள். லேசான பிடிப்போடு இழுபட வேண்டும். பல இன்ஜின்களில் இன்டேக் 0.15 முதல் 0.20, எக்சாஸ்ட் 0.25 முதல் 0.30 மி.மீ. வரை. உங்கள் இன்ஜினுக்கான எண்ணையும், ஆறிய நிலையில் அளப்பதா சூட்டிலா என்பதையும் மேனுவலில் பாருங்கள். மிகச் சிறிய தகடுகூட நுழையவில்லை என்றால் கோளாறு அதுதான்.

ஸ்க்ரூ டேப்பெட் என்றால் நீங்களே சரிசெய்யலாம். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பிவிடும், ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளங்கள். பக்கெட் வகை என்றால் தடிமன் பார்த்து ஷிம் அல்லது பக்கெட் மாற்ற வேண்டும். அளவுகளைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். எட்டு எக்சாஸ்ட் வால்வையும் சேர்த்தே அளந்துவிடுங்கள் (16 வால்வு இன்ஜின் என்றால்), 3 முதலில் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

மின்பொறி:
சரிசெய்யும் வரை அதிகம் ஓட்ட வேண்டாம். வால்வு தன் சூட்டை சீட்டில் உட்காரும்போதுதான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. உட்காராத வால்வின் விளிம்பு எரிந்துபோகும். லைட் மின்ன ஆரம்பித்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள், கன்வர்ட்டர் உருகும் அளவுக்கு மிஸ் அடிக்கிறது என்று அர்த்தம்.

டேப்பெட்:
இடைவெளியைச் சரிசெய்து, சூடேற்றி, கம்ப்ரஷனை மறுபடி பாருங்கள். 12ஐ நெருங்கினால் முடிந்தது. 10க்குக் கீழேயே நின்றால் லீக் டவுன் சோதனை: 3வது பிஸ்டனை கம்ப்ரஷன் டாப்பில் நிறுத்தி, கார் நகராதபடி பிடித்து, பிளக் குழி வழியாகக் காற்றை ஏற்றிக் காது கொடுங்கள். சைலன்சரில் சீறல் கேட்டால் எக்சாஸ்ட் வால்வு எரிந்திருக்கிறது, த்ராட்டில் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். இவற்றில் எது என்றாலும் ஹெட் இறங்க வேண்டியிருக்கும். வால்வு என்றால் எல்பிஜிக்கு ஏற்ற கடினமான சீட்டாகக் கேட்டுப் போடுங்கள்.