ஏற்காடு கட்டிட சைட்டுக்குச் சரக்கு ஏற்றின அனுபவங்கள்: வாங்குறவரும் (பர்ச்சேஸ்) சரக்கு அனுப்புறவங்களும் சொல்றது

பர்ச்சேஸ், ஏற்காடு சைட்:
மறுநாள் ஸ்லாப் கான்கிரீட். காலையிலிருந்து 12 எம்எம் கம்பிக்காக சேலத்துக் கடைக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன். "வண்டி கிளம்பிடுச்சுங்க சார்." மத்தியானம் கேட்டா, "அடிவாரம் தாண்டிருச்சுங்க." ஆறு மணிக்கு டிரைவர் நம்பர் வாங்கிப் பேசினா, மனுஷன் இன்னும் லோடே ஏத்தலை. கம்பி கட்ட வந்த எட்டு பேருக்கும் சும்மா கூலி கொடுத்து அனுப்பினோம். அன்னிக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறலை.

அடுத்து மாத்தின கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "பார் பெண்டிங் லிஸ்ட் அனுப்புங்க சார்"னு கேட்டார். எந்தக் கம்பியை எந்த அளவுல வெட்டி எப்படி வளைக்கணும்ங்கிற பட்டியல் அது. 12 மீட்டர் கம்பியை 20 கொண்டை ஊசி வளைவுல நீட்டி வச்சு ஏத்த முடியாது, மடிச்சுத்தான் வரும். மேலே நிமிர்த்தி வெட்டினா துண்டு துண்டா வீணாகும். இவர் லிஸ்ட்டைப் பார்த்துக் கீழேயே அளவா வெட்டி, ரிங் வளைச்சு, எந்தக் கட்டு எந்த பீமுக்குன்னு அட்டை கட்டி சின்ன வண்டியில ஏத்திவிட்டார். பில்லோட மில் டெஸ்ட் சர்டிபிகேட்டும் (கம்பி ஆலை கொடுக்கிற சோதனைச் சான்று) வந்துச்சு. அதுல இருந்த ஹீட் நம்பரும் (எந்த உருக்குல வார்த்த கம்பின்னு காட்டுற எண்) கட்டுல தொங்கின தகட்டு நம்பரும் ஒண்ணுதான். ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டோம். இருக்க வேண்டிய 888 கிராமுக்கு 870 நின்னுச்சு. கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786 அனுமதிக்கிற வித்தியாசத்துக்குள்ளதான்.

ஒரு மழை நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அவரே கூப்பிட்டார். "மலைப்பாதையில மண் சரிஞ்சிருக்காம் சார். குப்பனூர் வழியா அனுப்பட்டுங்களா? வாடகை கூடும். இல்லை, கான்கிரீட்டை ஒரு நாள் தள்ளிக்கிறீங்களா?" ராத்திரியே தெரிஞ்சதால மேஸ்திரிகிட்ட சொல்லி ஆட்களை நிறுத்த முடிஞ்சது. அந்த ஒரு போனுக்காகவே டன்னுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

சிமெண்ட் கடை, செவ்வாய்ப்பேட்டை:
எங்க பக்கமும் கேளுங்க. "200 மூட்டை, அவசரம்"னு ஒரு வரிதான் வரும். எத்தனை நாள்ல தீரும்னு சொல்ல மாட்டாங்க. ஏற்காட்டுப் பனிக்கு ஷெட்டுல கிடக்கிற சிமெண்ட் கட்டி தட்டிப்போயிடும், பழி எங்க மேல வரும். இப்ப வாரத் தேவையைக் கேட்டு அறுபது அறுபதா ஏத்துறேன். மூட்டையில அச்சடிச்ச வாரமும் வருஷமும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து முன்னாடியே அனுப்பிடுறேன். மூணு மாசம் தாண்டின சரக்கை மறுபடி டெஸ்ட் பண்ணாம யாரும் போடக்கூடாது.

இன்னொண்ணு, பில்லுல பிஓ நம்பர் (வாங்குறவங்க கொடுத்த ஆர்டரோட எண்) போட மறந்து ஒரு பேமெண்ட் 40 நாள் நின்னுச்சு. தப்பு எங்களோடதுதான். இப்ப அந்த நம்பர் இல்லாம பில்லே அடிக்கறதில்லை.

எம்-சாண்டு (கல்லை உடைச்சுச் செய்யற மணல்) லாரி, ஓமலூர்:
ஒரு யூனிட்னா 100 கன அடி. கொட்டுறதுக்கு முன்னாடி சைட் கேட்டுலயே லாரி பாடியை டேப் வச்சு அளக்கச் சொல்லி நானே நிக்கிறேன். அப்புறம் குறைச்சல்னு ஒரு சண்டையும் வந்ததில்லை.

பர்ச்சேஸ், ஏற்காடு சைட்:
சிமெண்ட் அண்ணே, நீங்க சொன்னது சரிதான். இனி சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுல இருக்கிற மூட்டையை எண்ணி, அடுத்த வாரக் கணக்கோட உங்களுக்கு அனுப்பிடுறேன்.