‘மேலத்தெருச் சொந்தங்கள்’ வாட்ஸ்அப் குழு: கிராம சபைக்கு ஒரு திட்டம்

நான்: எல்லோரும் கொஞ்சம் படியுங்கள். கீழத்தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு உறுதியாகிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க, இரண்டு தெருவும் சேர்ந்து ஒரு சுகாதாரத் திட்டம் எழுதித் தர வேண்டும். நாளை மாலைக்குள் வேண்டும் என்கிறார் நர்ஸ் அக்கா.

பெரிய அத்தை: ஐயோ, யார் வீட்டுப் பிள்ளைகள்?

கிழக்கு வீட்டு மதினி: ஒன்று டெய்லர் பேரன். இன்னொன்று தெரியவில்லை.

சித்தப்பா: கீழத்தெருவோடு சேர்ந்தா?

நான்: ஆமாம் சித்தப்பா. கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிதி உண்டு. எதற்குச் செலவழிப்பது என்று ஊர்தான் கூடித் தீர்மானிக்க வேண்டும். பல வீடுகளுக்குப் பயன்பட வேண்டும், தீர்மானம் நோட்டில் ஏற வேண்டும். தனித்தனியாக ஆளுக்கொரு மனு கொடுத்தால் இரண்டு தெருவுக்கும் ஒன்றும் உருப்படியாக நடக்காது.

சித்தப்பா: கோயில் கொடை வரவு செலவையே இன்னும் காட்டாதவர்கள் அவர்கள்.

பெரியப்பா: கணக்கு கேட்கிறவர்கள் கிணற்றுப் பங்குக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரிய அத்தை: இரண்டு பேரும் சும்மா இருங்கள். பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடக்கின்றன.

கடை அண்ணாச்சி: வாய்க்கால் கட்டச் சொல்லி எழுது தங்கச்சி. சாக்கடைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நான்: அண்ணாச்சி, வாய்க்கால் அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் டெங்கு கொசு சாக்கடையில் வளர்வதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். நமக்குக் குழாயில் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை வருகிறது. அதனால் வீட்டுக்கு வீடு தொட்டி, டிரம், குடம் என்று பிடித்து வைக்கிறோம். பாதிக்கு மூடி இல்லை. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது, முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் காய்ந்தே கிடக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால்தான் 10,000 ரூபாயையும் மூடி இல்லாத தொட்டிகளுக்கு வலை, பிளீச்சிங் பவுடர், தேய்க்கும் பிரஷ் என்று எழுதலாம் என்கிறேன்.

கிழக்கு வீட்டு மதினி: பிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டிலும் புழு இருந்தது.

நான்: அதேதான் மதினி. சிரட்டை, டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாமே.

பெரியப்பா: டயர் என்றால் அண்ணாச்சி கடைக்குப் பின்னால் மலைபோல் கிடக்கிறதே.

கடை அண்ணாச்சி: ஞாயிறு எடுத்துவிடுவேன்.

பெரியப்பா: எந்த ஞாயிறு?

சென்னைத் தம்பி: வாய்க்காலுக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறதே அக்கா?

நான்: இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும், மீதியை அரசு தரும். 3 லட்சம் ரூபாய் வேலை என்றால் நாம் 1 லட்சம். ஒரு தெருவால் முடியாது, இரண்டு தெரு சேர்ந்தால் முடியும். அதைத் தனி மனுவாக வைப்போம். முதலில் தண்ணீர்த் தொட்டி.

பெரிய அத்தை: காய்ச்சலுக்கு நிலவேம்புக் கஷாயம் வைத்துத் தரட்டுமா?

நான்: தாருங்கள் அத்தை, ஆனால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும். வேறு வலி மாத்திரை எதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள், ஆஸ்பிரின், புரூஃபன் இரண்டும் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கவனமாகப் பார்க்க வேண்டும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

கிழக்கு வீட்டு மதினி: வளைகாப்பு வெள்ளியா ஞாயிறா? பிளவுஸ் தைக்கக் கொடுத்த டெய்லரும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்.

பெரிய அத்தை: வெள்ளி. என் தூக்குச்சட்டி யார் வீட்டில் இருக்கிறது? கொடைச் சாப்பாட்டில் போனது.

சென்னைத் தம்பி: வெள்ளி எனக்கு விடுமுறை இல்லை.

நான்: வளைகாப்பு பிறகு. கீழத்தெருவில் பேசிக் கையெழுத்து வாங்க யார் வருகிறீர்கள்? நான் ஒருத்தி போனால் மதிக்கமாட்டார்கள். பெரியப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வந்தால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும்.

பெரியப்பா: அவன் வந்தால் வருகிறேன்.

சித்தப்பா: பார்க்கலாம்.

பெரிய அத்தை: பார்க்கலாம் என்றால் என்ன தம்பி? அந்தப் பிள்ளை உன் மகளோடு படிக்கிறவன்.

சித்தப்பா: காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அப்புறம் சொல்கிறேன்.

நான்: சரி சித்தப்பா. தொட்டிக்கு மூடி இல்லாத வீடுகளின் பட்டியலை இன்றிரவு எழுதுகிறேன். மேலத்தெருவில் யார் யார் என்று இங்கேயே சொல்லுங்கள்.

கிழக்கு வீட்டு மதினி: எங்கள் வீடு ஒன்று.

கடை அண்ணாச்சி: எங்கள் வீட்டில் இரண்டு டிரம்.

பெரிய அத்தை: தூக்குச்சட்டி அண்ணாச்சி வீட்டில்தானே?