584 மீற்றர் தெரிந்தும் விலகவில்லையா? இரிடியம் மோதல் பற்றி

பிதுரு2524:
நேற்று இந்தக் குழுவில் ஹட்டன் நோக்கி போட்ட பதிவில் ஒரு வரி: "2009 பெப்ரவரி 10ஆம் திகதி இரிடியம் 33உம் கொஸ்மொஸ் 2251உம் 584 மீற்றர் இடைவெளியில் சந்திக்கும் என்று முன்னமே தெரியும். தெரிந்தும் கம்பனி அசையவில்லை. விண்குப்பைப் பிரச்சினை என்றால் அலட்சியப் பிரச்சினைதான்." கீழே வரிசையாக லைக். இரிடியம் கம்பனியின் இயங்கிக்கொண்டிருந்த தொலைத்தொடர்புச் செய்மதியும் ரஷ்யாவின் செத்த செய்மதியான கொஸ்மொஸும் அன்று மோதி உடைந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை.

584 ஒரு எச்சரிக்கையே இல்லை. பொதுவில் கிடைக்கும் டீஎல்ஈ தரவை, அதாவது ஒவ்வொரு செய்மதியின் பாதையையும் சொல்லும் இரண்டு வரி எண்களை வைத்து, எது எதற்கு அருகில் போகும் என்று பட்டியல் போடும் சொக்ரட்டீஸ் சேவை போட்ட கணிப்பு அது. அந்தத் தரவில் எடுத்த நேரத்திலேயே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் பிழை இருக்கும். முன்னோக்கிக் கணிக்கக் கணிக்க, நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று கிலோமீற்றர் கூடும். பிழையே கிலோமீற்றரில் இருக்கும்போது 584ஐ மீற்றர் சுத்தமாகப் பிடித்துத் தொங்கி என்ன பயன்? அன்றைய பட்டியலில் அது முதலிடத்தில்கூட இல்லை. அந்த வாரம் இரிடியம் செய்மதிகளுக்கே அதைவிட நெருக்கமான சந்திப்புகள் கணிக்கப்பட்டிருந்தன. அதில் ஒன்றுகூட மோதவில்லை.

ஹட்டன் நோக்கி:
அண்ணே, பிழை இருக்கு என்பது எனக்கும் தெரியும். கணக்கைப் பாருங்க. பாதையின் திசையில் செக்கனுக்கு 1 சென்ரிமீற்றர் வேகம் மாற்றினால், இடப்பெயர்ச்சி அந்த வேகத்தின் மூன்று மடங்கு பெருக்கல் நேரம். 24 மணித்தியாலத்தில் 2.6 கிலோமீற்றர். 500 கிலோ செய்மதிக்கு அதுக்குச் செலவு இரண்டரை கிராம் ஐதரசீன் எரிபொருள்கூட இல்லை. அந்த இரண்டு கிராமை மிச்சம் பிடிச்சதால் இரண்டாயிரத்துக்கு மேல் துண்டு. 584 மீற்றர் என்று ஒரு தாள் கையில் இருந்தது. அலட்சியம் இல்லாமல் வேற என்ன?

பிதுரு2524:
எந்தப் பக்கம் தள்ளுவீங்க? மூடுபனியில் ரம்பொடை வளைவில் எதிரே லொறி வருது என்று தெரியும், எந்தப் பக்கத்தில் என்று தெரியாது. ஸ்டியரிங்கை எங்கே வெட்டுவீங்க? பாதைத் திசையில் ஒரு கிலோமீற்றர் பிழை என்றால் வெட்டுப்புள்ளிக்கு வந்துசேரும் நேரத்தில் 0.13 செக்கன் பிழை. செக்கனுக்கு 11.7 கிலோமீற்றர் சார்பு வேகத்தில் இரண்டு பாதைகளும் ஏறக்குறைய செங்குத்தாக வெட்டுது. 584 மீற்றரில் தப்ப வேண்டியதை நீங்க தள்ளின தள்ளே மோத வைக்கலாம்.

இன்னொன்றும் இருக்கு. எஞ்சினை எரித்த பிறகு உங்க பழைய டீஎல்ஈ செல்லாது. ரேடார்கள் புதுப் பாதையைப் பிடித்து அது திரும்பச் சரியாகும்வரை உங்களுக்கு வரும் கணிப்பெல்லாம் பொய். பிழை எல்லையோடு சேர்த்து எச்சரிக்கைச் செய்தி அனுப்புவதும், இயங்கும் எல்லாச் செய்மதிகளையும் அமெரிக்க இராணுவம் ஒழுங்காகப் பரிசோதிப்பதும் அந்த மோதலுக்குப் பிறகு வந்த பழக்கம். 2009இல் பட்டியல்தான் இருந்தது. வாரத்துக்கு நூற்றுக்கணக்கில்.

தலவாக்கலை இணைப்பு:
இரண்டு பேரும் பழைய கதையைப் பேசுறீங்க. 2025 ஜூலையிலிருந்து நம்ம நாட்டிலும் ஸ்டார்லிங்க் ஓடுது, கேபிள் வராத டிவிசன்களுக்கும் இணையம் எடுக்கலாம். அந்தச் செய்மதிகள் தாமாகவே விலகுது. பத்தாயிரத்தில் ஒன்று என்ற வழக்கமான மோதல் வாய்ப்பு எல்லையைவிடப் பல மடங்கு கடுமையான எல்லையில் விலகுது. 550 கிலோமீற்றர் உயரம் என்பதால் செத்துப்போனாலும் காற்றின் இழுவையே ஐந்து வருஷ அளவில் கீழே இறக்கிவிடும். பிரச்சினை தீர்ந்துபோன இடத்தில் 584ஐப் பிடித்து ஏன் சண்டை?

பிதுரு2524:
தீர்ந்துபோச்சா? உயிரோடு இருப்பது விலகும் தம்பி. செத்தது விலகுமா? 2023 ஜனவரி கடைசியில் ஒரு பழைய சோவியத் ரொக்கெட் உடலும் கொஸ்மொஸ் 2361உம் 984 கிலோமீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 6 மீற்றர் இடைவெளியில் கடந்தது. இரண்டும் பிணம். யார் பட்டனை அழுத்துறது? 840 கிலோமீற்றர் பக்கத்தில் செனித் ரொக்கெட்டின் இரண்டாம் கட்டங்கள் கும்பலாகச் சுற்றுது, ஒவ்வொன்றும் சுமார் 9 தொன். அந்த உயரத்தில் காற்று வந்து இறக்கும் என்று நூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேணும். அதில் இரண்டு மோதினால் 2009 சின்ன விஷயமாகப் போகும்.

அளவையும் கவனிங்க. 10 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் பட்டியலில் ஏறும், விலகலாம். ஒரு சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் விப்பிள் கவசம் தாங்கும்: முன்னால் ஒரு மெல்லிய அலுமினியத் தகடு, இடைவெளி, பின்னால் சுவர். துண்டு முதல் தகட்டில் தூளாகிப் பரவிவிடும். ஒன்றுக்கும் பத்துக்கும் இடையில் இருப்பதைப் பார்க்கவும் முடியாது, தாங்கவும் முடியாது. அது பத்து இலட்சத்துக்கு மேல். உங்க தானியங்கி விலகல் அதை எங்கே காணும்? மில்லிமீற்றர் அளவுத் துகள் ஒன்று 2016 ஒகஸ்டில் ஐரோப்பாவின் சென்ரினல்-1ஏ செய்மதியின் சூரியத் தகட்டில் 40 சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சேதம் செய்தது. மின்சாரம் இறங்கின பிறகுதான் தரையில் தெரிந்தது.

ஹட்டன் நோக்கி:
கேட்டதுக்குப் பதில் வரல்ல. 584தான் கேள்வி. வாரத்துக்கு நூறு சந்திப்பு என்றே வைங்க. இரிடியத்துக்கு 66 செய்மதி. ஒரு செய்மதிக்கு வருஷத்தில் 79 தடவை. போகவும் இடத்துக்குத் திரும்பவும் சேர்த்து செக்கனுக்கு 1.6 மீற்றர். ஒரு வருஷத்துக்கு அவ்வளவுதான் செலவு! இதைச் செய்ய மனசில்லை என்றால் அதுக்குப் பேர் அலட்சியம்.

பிதுரு2524:
79 தடவை என்றால் நாலைந்து நாளுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு எரிப்புக்குப் பிறகும் தரவு குழம்பும் என்று மேலே எழுதியிருக்கேன். ஆக வருஷம் முழுக்கக் குழம்பின தரவோடு பறக்கணும். எரிபொருளைக் கணக்குப் பண்ணினீங்க, அறியாமையைக் கணக்கில் சேர்க்கல்ல.

ஊவாக்காரன்:
கம்பனிக்காரனை ஏன் திட்டுறீங்க? 2007 ஜனவரி 11ஆம் திகதி சீனா தன்னுடைய பழைய வானிலைச் செய்மதி பெங்யுன்-1சீயை 860 கிலோமீற்றர் பக்கத்தில் ஏவுகணையால் உடைச்சது. பட்டியலில் ஏறினதே மூவாயிரத்துக்கு மேல். இரிடியம் மோதலைவிட அதிகம். இந்தியாவும் 2019 மார்ச் 27ஆம் திகதி அதையே செய்தது. இங்கே யாரும் வாய் திறக்க மாட்டாங்க, ஏன் என்று எனக்குத் தெரியும்.

தலவாக்கலை இணைப்பு:
ஊவாக்காரன் அண்ணே, இந்தியா உடைச்சது 300 கிலோமீற்றருக்குக் கீழே. 860ஓடு அதைச் சேர்க்கிறதே தப்பு. தெரிஞ்சுதான் தாழ்வான உயரத்தில் செய்தாங்க.

ஊவாக்காரன்:
45 நாளில் எல்லாம் விழும் என்றாங்க. ஆறு மாசம் கழிச்சும் துண்டு இருந்தது. வெடிப்பில் 24 துண்டு விண்வெளி நிலையத்தின் உச்ச உயரத்துக்கும் மேலே போனதாக நாசா தலைவரே சொன்னார். இழுவை கீழே இருக்கிற துண்டுக்குத்தான், மேலே எறியப்பட்டதுக்கு இல்லை. உடைச்சவன் யார் என்று பார்த்துக் கணக்கு மாறுமா?

நானுஓயா டீச்சர்:
எல்லாரும் விலகுவதையும் உடைப்பதையும் மட்டும் பேசுறீங்க. வேலை முடிந்த செய்மதியை இறக்குவதைப் பற்றி யாராவது பேசினீங்களா? 800 கிலோமீற்றர் வட்டப் பாதையிலிருந்து, பூமிக்கு மிக அருகே வரும் தாழ்புள்ளியை 50 கிலோமீற்றருக்கு இறக்க செக்கனுக்கு சுமார் 210 மீற்றர் வேகமாற்றம் வேணும். 500 கிலோ செய்மதிக்கு, ஐஎஸ்பி (எஞ்சினின் எரிபொருள் திறன் அளவு) 220 செக்கன் ஐதரசீன் என்றால் 46 கிலோ. தாழ்புள்ளியை 500இல் நிறுத்தி மிச்சத்தைக் காற்றுக்கு விட்டால் 80 மீற்றர், 18 கிலோ. ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும், எங்கே விழும் என்றும் தெரிவு செய்ய முடியாது. 25 வருஷத்துக்குள் இறக்கணும் என்ற வழிகாட்டி 2002இல் வந்தது. அமெரிக்கா 2022இல் அதை ஐந்தாகக் குறைச்சது.

இறக்க முடியாவிட்டால் வெடிக்காமலாவது வைக்கணும். தாங்கியில் மிச்ச எரிபொருளையும் அழுத்த ஹீலியத்தையும் வெளியேற்றணும், பற்றரியைச் சூரியத் தகட்டிலிருந்து துண்டிக்கணும். 2015 பெப்ரவரியில் அமெரிக்க வானிலைச் செய்மதி டீஎம்எஸ்பி எஃப்-13 வெடித்தது பற்றரியால்தான். அங்கே மோதல் இல்லை, 584உம் இல்லை.

ஹட்டன் நோக்கி:
நன்றி டீச்சர். ஒரு பக்கம் 46 கிலோ, மறுபக்கம் இரண்டு கிராம். எது மலிவு என்று பிதுரு அண்ணனிடம் கேளுங்க.

நானுஓயா டீச்சர்:
நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரல்ல. இரண்டும் வெவ்வேறு வேலை.

பிதுரு2524:
டீச்சர் சொன்ன 46 கிலோ உயிரோடு இருக்கும் செய்மதிக்கு. ஐரோப்பாவின் என்விசாட் செய்மதி 8 தொன், 2012 ஏப்ரலில் பேச்சை நிறுத்தியது, இன்னும் மேலேதான். அதை யாராவது போய்ப் பிடிக்கணும். பிடிப்பது லேசில்லை. உருளும் பொருளின் சுழற்சியை அளந்து, அதோடு ஒத்துச் சுழன்று, பிடி கொடுக்கவே செய்யப்படாத இடத்தில் பிடிக்கணும். ஜப்பானின் அட்ராஸ்-ஜே 2024இல் ஒரு எச்-2ஏ ரொக்கெட் உடலுக்கு 15 மீற்றர்வரை போனது. தொடவில்லை, அந்தப் பயணம் பார்வையிட மட்டும். ஐரோப்பாவின் குப்பை அள்ளும் பயணமான கிளியர்ஸ்பேஸ்-1க்கு இலக்காக வைத்திருந்த 112 கிலோ வெஸ்பா ரொக்கெட் பாகத்தின் பக்கத்தில் 2023 ஒகஸ்டில் புதுத் துண்டுகள் தெரிந்தன. அள்ளப் போக முன்னமே குப்பைமேல் குப்பை மோதிவிட்டது. இலக்கையே மாற்றினாங்க. பெரிய பிணங்களை இறக்காமல் விலகிக்கொண்டே இருந்தால் விலக இடமிருக்காது. மோதலில் வந்த துண்டு அடுத்த மோதலை உண்டாக்கும் அந்தச் சங்கிலியை நாசா விஞ்ஞானிகள் கெஸ்லரும் கூர்-பலேயும் 1978இலேயே கணக்காக எழுதிவிட்டாங்க.

ஊவாக்காரன்:
மேலே இருக்கிறதை விடுங்க. 2015 நவம்பர் 13ஆம் திகதி டபிள்யூடீ1190எஃப் என்ற விண்குப்பைத் துண்டு நம்ம தெற்குக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தபோது, மலைநாட்டிலேயே விழும் என்று இதே குழுவில் பீதி கிளப்பினது யார்? பெயர் சொல்லவா?

தலவாக்கலை இணைப்பு:
அதை இன்னும் மறக்கல்லையா நீங்க? கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் என்றுதான் போட்டேன். பழைய பதிவைத் தேடிப் பாருங்க.

ஊவாக்காரன்:
திருத்தின பதிவைத் தேடி என்ன செய்ய?

ஹட்டன் நோக்கி:
எல்லாரும் வேறெங்கேயோ போயிட்டாங்க. 584 மீற்றர். தாளில் இருந்தது. அசையவில்லை. இதுக்கு மட்டும் பதில் வேணும்.

பிதுரு2524:
அன்று அதே பட்டியலில் 584 மீற்றரைவிட நெருக்கமாக இருந்த ஒவ்வொரு சோடியையும் எடுத்து வாங்க. எதை நகர்த்தணும், எதை விடணும், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று அந்தத் தரவை மட்டும் வைத்துத் தீர்மானித்துக் காட்டுங்க. மோதின பிறகு கிடைச்ச அறிவைத் தொடக்கூடாது.

ஹட்டன் நோக்கி:
காட்டுறேன். முதலில் 584ஐ நீங்க மறுக்கல்ல என்று எழுதுங்க.

பிதுரு2524:
எண்ணை யார் மறுத்தது? அர்த்தத்தைத்தான் மறுக்கிறேன். பட்டியலோடு வாங்க.